பக்கம் புரட்டித் தாண்டிய பிரிவு: ஆற்றுப் பனியும் பாலத்தூண்களும்

என் அலுவலக மேசையில் நெடுங்காலம் இருந்த, அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோ வெளியிட்ட பால விதிநூலில், 3.9 என்று எண்ணிட்ட பிரிவின் தாள்கள் மட்டும் கடையில் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே புதிதாக இருந்தன. அதற்கு முன்னுள்ள காற்றுச் சுமைப் பிரிவிலும் பின்னுள்ள நிலநடுக்கப் பிரிவிலும் பென்சில் குறிப்புகளும் தேநீர்க் கறைகளும் மண்டிக் கிடக்க, இடையிலிருந்த அந்தச் சில பக்கங்களை நான் விரல் நுனியால் தள்ளிவிட்டே வந்திருந்தேன். 3.9 பனிக்கட்டிச் சுமையைப் பற்றியது. வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான சிங்கப்பூரில், காலாங் ஆற்றின் மீதோ அதைவிடச் சிறிய கால்வாய்கள் மீதோ பாலம் கணக்கிடும் ஒருவனுக்கு, ஆறு உறைவதும் உறைந்தது உடைந்து மிதந்து வந்து தூணில் மோதுவதும் அவன் வேலைக்குத் தொடர்பில்லாத செய்திகள்.

சுமார் 12 ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்துக்கு மத்திய ஆசியாவில் ஓர் ஆற்றுப் பாலத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் பணி வந்தது. வடிவமைத்தவர்கள் வேறு நாட்டவர். மறுபரிசோதனை மட்டும் எங்களுடையது. பணியைப் பிரித்துக் கொடுத்தபோது பனிக்கட்டிச் சுமை என் பங்குக்கு விழுந்தது. நான் மறுக்காததற்கு அறிவு காரணமல்ல, கூச்சம்தான் காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

அந்தப் புதிய பக்கங்களைப் படிப்பதற்கு முன்பே நான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 300 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் 0.8 மீட்டர் தடிப்பும் கொண்ட ஒரு பனிப்பாளம் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டேன். பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 917 கிலோ என்பதால் அதன் எடை ஏறக்குறைய 44,000 டன். அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் ஒரு தூண் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் தடுத்து நிறுத்த வேண்டுமானால் தூண் தாங்க வேண்டிய விசை 50,000 டன் எடைக்குச் சமமாக வந்தது. எந்தத் தூணும் அதைத் தாங்காது. வடிவமைத்தவர்களின் தாளில் சில நூறு டன் மட்டுமே இருந்ததைக் கண்டு, பெரிய பிழையொன்றைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியோடு எங்கள் மூத்த பொறியாளரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவின் மேற்குப் பகுதியில் சில ஆண்டுகள் பாலங்களோடு காலம் கழித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தவர். என் தாளை ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, ஐஸ் உடையிற வரைக்கும்தான் அதுக்குப் பலம். உடைஞ்சாப் பிறகு அது எதைத் தள்ளும்?"

அந்த ஒரு கேள்வியில் என் கணக்கு சரிந்தது. நான் பனிப்பாளத்தை உடையாத இரும்புத் தகடாகக் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் தூணைத் தொடும் இடத்தில் பனி நொறுங்கத் தொடங்கிவிடும். நொறுங்கும் பனி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குமோ அவ்வளவுதான் தூணுக்கு வந்து சேரும். பின்னால் 44,000 டன் இருந்தாலும் 4 லட்சம் டன் இருந்தாலும், முன்விளிம்பு நொறுங்கிக்கொண்டிருக்கும்வரை விசை அதே அளவில் நின்றுவிடும். எடையும் வேகமும் முடிவு செய்வது வேறொன்றை: பாளம் நிற்பதற்கு முன் தூண் அதற்குள் எவ்வளவு தூரம் அறுத்துக்கொண்டு போகும் என்பதை.

பிறகு விதிநூலின்படி ஒழுங்காகக் கணக்கிட்டேன். பனியின் பயனுறு நொறுங்கு பலத்துக்கு அந்நூல் நான்கு படிகளைத் தருகிறது. உருகு வெப்பநிலையில், உள்ளுக்குள் பெருமளவு சிதைந்துபோன பனி உடைந்து வரும் ஆறுகளுக்கு, அழுத்த அலகான கிலோபாஸ்கலில் சுமார் 380; உருகுநிலைக்கு மிகவும் கீழான குளிரில் இறுகி நிற்கும் பனி அசையும் ஆறுகளுக்குச் சுமார் 1,530. எங்கள் ஆற்றுக்கு மூன்றாம் படியான 1,150 பொருந்தியது. பெரிய பாளங்களாக, உள்ளே உறுதி குலையாமல் வரும் பனிக்கு உரியது அது. 3 மீட்டர் அகலமான செங்குத்துத் தூணுக்கு, குறுகிய தூணில் விசை கூடுவதற்கான திருத்தத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 430 டன் வந்தது. என் முதல் கணக்கில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 430 டன் எதிர்ப்போடு என்னுடைய கற்பனைப் பாளத்தை நிறுத்த ஏறக்குறைய 12 மீட்டர் ஆழத்துக்கு அறுக்க வேண்டியிருக்கும். அதற்குள் பாளமே இரண்டாகப் பிளந்து தூணின் இருபுறமும் ஒதுங்கிப் போயிருக்கும்.

இதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அந்த நான்கு படிகளின் வரிசை. வசந்தத்தில் வெயில் பட்டுப் பட்டு, ஆற்றுப் பனியின் செங்குத்தான படிகங்கள் ஒன்றோடொன்று பிடிப்பை இழந்து, கட்டிவைத்த மெழுகுவத்திகளைப் போல நிற்கும். அந்த நிலையில் வரும் பனி தடிமனாக இருந்தாலும் தூணில் பட்டவுடன் உதிர்ந்துவிடும். மாறாக, நடுக்குளிர்காலத்தில் திடீரென்று மழை பெய்து ஆறு பெருகினால், வெயில் காணாத, கண்ணாடி போல் இறுகிய பனி அப்படியே உடைந்து வரும். ஆகவே மிதமான குளிர்காலம் பாலத்துக்கு நல்ல காலம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஒரே ஆற்றில், ஒரே தடிப்புள்ள பனி, வரும் மாதத்தைப் பொறுத்து 140 டன்னாகவும் இருக்கலாம், அதைப் போல நான்கு மடங்காகவும் இருக்கலாம்.

இதற்கு அடுத்த வரிகளில்தான் விதிநூலின் உண்மையான சுவாரசியம் இருந்தது. தூணின் முகப்பு செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால், வரும் பாளம் அதில் ஏறத் தொடங்கும், ஏறும்போது வளையும், வளைந்தால் முறியும். சிறுவயதில் தேக்கா சந்தையில் மீன் கடைக்காரர் ஒருவர் ஐஸ் கட்டி உடைப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கோணிச் சாக்கில் சுற்றி வந்த நீளமான கட்டியைச் சுத்தியலால் மேலிருந்து அடித்தால் அடித்த இடம் மட்டும் தூளாகிக் குழி விழும், கட்டி அசையாது. அவர் அப்படிச் செய்ய மாட்டார். கட்டியின் நடுவில் அடியே ஒரு மரச்சட்டத்தைச் செருகிவிட்டு ஒரு முனையில் ஓர் அடி கொடுப்பார். கட்டி சட்டென்று இரண்டாகும். நொறுக்குவதற்கும் வளைத்து முறிப்பதற்கும் பனியிடம் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது விதிநூலில் வந்தபோதுதான் புரிந்தது.

முன்பு கணக்கிட்ட அதே 0.8 மீட்டர் பனி, அதே தூண். ஆனால் நீர் வரும் பக்கத்து முகப்பு, அதாவது தூணின் மூக்கு, 45 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 430 டன் என்பது சுமார் 65 டன்னாக இறங்கிவிடுகிறது. ஆனால் இந்தச் சலுகை எல்லாத் தூணுக்கும் கிடைப்பதில்லை. சாய்வு செங்குத்திலிருந்து 15 பாகையைத் தாண்டாவிட்டால் பனி வளையும் என்று நம்பக் கூடாது என்கிறது நூல். தூணின் அகலம் பனியின் தடிப்பைப் போல ஆறு மடங்குக்கு மேல் போனாலும் நொறுங்கும் விசையையே எடுக்க வேண்டும் என்கிறது. பனி நேர் எதிரே வந்தாலும் 15 விழுக்காட்டு விசை பக்கவாட்டிலும் தாக்குவதாகக் கொள்ளவேண்டும் என்ற விதியையும் நான் முதலில் கவனிக்கவில்லை. ஆற்றுத் தூண்கள் பெரும்பாலும் நீரோட்டத்தின் திசையில் நீண்டு, குறுக்கே மெலிந்த சுவர் போல இருப்பவை. நேராக வரும் பெரிய விசையை அலட்சியமாகத் தாங்கும் சுவருக்குப் பக்கத்திலிருந்து வரும் சிறிய விசையே தொல்லையாக முடியும்.

பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, மொன்றியலில் இருக்கும் அக்கா மகள் வீட்டுக்கு மார்ச் மாதக் கடைசியில் போயிருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று அவள் கேட்டபோது விக்டோரியா பாலத்தின் தூண்களைக் கரையிலிருந்து பார்க்க வேண்டும் என்றேன். "மாமா, இந்தக் குளிர்ல ஆத்தங்கரையில நின்னு தூணையா பார்க்கப் போறீங்க?" என்று சிரித்தாலும் காரை எடுத்தாள்.

1859 டிசம்பரில் ரயில் ஓடத் தொடங்கிய அந்தப் பாலம் புனித லாரன்ஸ் ஆற்றை 24 தூண்களில் தாண்டுகிறது. பொறுப்பேற்ற பொறியாளர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்டீபன்சன் அதைக் காணாமலே அந்த ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். அவர் காலத்தில் தூண்களின் மேல் அமர்ந்திருந்தது இரும்புத் தகடுகளால் ஆன நீண்ட குழாய். ரயில் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. 1890களின் இறுதியில் அந்தக் குழாயை அகற்றிவிட்டு எஃகுச் சட்டப் பாலத்தை வைத்தார்கள். தூண்களை மாற்றவில்லை. பொயிண்ட் கிளேர் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய அந்தத் தூண்கள் கீழ்ப்புறத்தில், நீர் போகும் பக்கத்தில், சாதாரணத் தூண்களைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. மேற்புறத்தில், நீர் வரும் பக்கத்தில், ஒவ்வொன்றும் கப்பலின் முன்பகுதியைப் போலச் சரிந்து நீருக்குள் இறங்குகிறது. நான் நின்றிருந்தபோது ஒரு சிறிய அறை அளவு பாளம் மெதுவாக வந்து அந்தச் சரிவில் ஒரு முழம் ஏறி, தயங்கி, நடுவில் விரிசல் விட்டு, இரண்டு துண்டுகளாகச் சரிந்து போனது. சத்தம்கூட அதிகமில்லை. கணினியோ விதிநூலோ இல்லாத காலத்தில், ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஆற்றுப் பனி செய்த அட்டூழியத்தைக் கண்டவர்கள் அந்தச் சரிவைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்று அந்த ஆற்றில் பனியின் கெடுபிடி முன்னைப் போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாலத்துக்கு மேற்புறத்தில், ஷாம்ப்ளேன் பாலத்துக்கு அருகே, 1960களின் நடுவில் பனியைக் கட்டுப்படுத்தவென்றே சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். கோடையில் அதன் மேல் சைக்கிள் ஓட்டலாம் என்று மருமகள் சொன்னாள். மழைக்குப் பின் நம் ஆறுகளில் அடித்து வரும் குப்பைகளையும் மரக்கிளைகளையும் மறிக்க நீர்மட்டத்தில் கட்டியிருக்கும் மிதவைத் தடுப்புகளை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். நயாகராவுக்கு மேலே, ஈரி ஏரி ஆறாக மாறும் இடத்தில் 1964 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் கட்டப்படும் மிதவைத் தடுப்பும் அதே யோசனைதான், நீளம்தான் 2.7 கிலோமீட்டர்.

நயாகராவைச் சொன்னவுடன் 1938ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அருவிக்குச் சற்றுக் கீழே, 1898இல் கட்டி முடித்த ஓர் எஃகு வளைவுப் பாலம் இருந்தது. தேனிலவுப் பாலம் என்று மக்கள் அதை அழைத்தார்கள். ஒரே வளைவில் சுமார் 256 மீட்டரைத் தாண்டியதால் ஆற்றுக்குள் ஒரு தூணும் கிடையாது. பனி மோதத் தூணே இல்லாத பாலத்துக்குப் பனியால் என்ன ஆபத்து என்றுதான் யாருக்கும் தோன்றும். 1938 ஜனவரி 26 அன்று ஈரி ஏரியில் வீசிய புயற்காற்று ஏரிப் பனியைத் திரளாக ஆற்றுக்குள் தள்ளியது. அருவியில் விழுந்த பனி கீழே பள்ளத்தாக்கில் அடைத்துக்கொண்டு, பாளத்தின் மேல் பாளமாக உயர்ந்தது. வளைவு ஊன்றியிருந்த அடித்தளங்கள் நீர்மட்டத்துக்கு அருகிலேயே இருந்தன. உயர்ந்துவந்த பனி அந்த அடித்தளங்களைத் தாண்டி, எஃகுச் சட்டங்களையே நேரடியாக அழுத்தியது. மறுநாள் பிற்பகல் பாலம் முழுதும் இற்று, கீழே பனியின் மேல் விழுந்தது. முன்கூட்டியே மூடிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. விழுந்த எஃகு ஏப்ரல்வரை பனியின் மேலேயே கிடந்தது. அதற்குப் பதிலாக 1941இல் திறந்த வானவில் பாலத்தின் அடித்தளங்களை ஆற்றுக்கு மேலே சுமார் 15 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள்.

எத்தனை டன் என்ற கேள்வியில் மூழ்கியிருந்த எனக்கு, எந்த உயரத்தில் என்ற கேள்வி உறைத்தது இந்தக் கதையைப் படித்தபோதுதான். கல்லும் கான்கிரீட்டும் 400 டன்னைத் தாங்கும். நீரிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் மெல்லிய எஃகுச் சட்டம் 40 டன்னைத் தாங்காது. தூணிலேயேகூட, பனி ஆற்றுப்படுகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தள்ளுகிறதோ அந்த அளவுக்கு அடித்தளத்தைப் புரட்டும் நெம்புகோல் நீள்கிறது. சாய்ந்த மூக்கு வைத்த தூணிலும், பனி அந்தச் சாய்வுக்கு மேலேயுள்ள செங்குத்துப் பகுதியில் வந்து மோதினால் சாய்வு இருந்தும் பயனில்லை.

அடைப்பு இன்னொரு வேலையையும் செய்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நீருக்குள் ஆழமாக இறங்கும்போது, ஆறு ஓட மிச்சமிருக்கும் இடம் படுகைக்கும் பனியின் அடிப்பகுதிக்கும் நடுவிலுள்ள ஒடுக்கம் மட்டுமே. நீர் அதற்குள் விரைந்து பாய்ந்து தூணின் காலடி மண்ணைத் தோண்டுகிறது. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் சில தூண்கள் வெள்ளத்தில் சரிந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு, தூண் மேலே திடமாக நிற்கும்போதே கீழே பிடிமானம் போய்விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பனி மூடிய ஆற்றில் வேறுபாடு என்னவென்றால், தோண்டுவது நடக்கும்போது அதை அளக்க யாரும் இறங்க முடியாது. பனி போனபின் குழியில் மறுபடி மணல் நிரம்பி, ஒன்றும் நடக்காதது போலவும் காட்டலாம்.

மரக்கம்பங்களின் மேல் நிற்கும் சிறிய துறைகளுக்கும் பாலங்களுக்கும் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. பனி கம்பத்தைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்ட நிலையில் நீர்மட்டம் உயர்ந்தால், மிதக்கும் பனி கம்பத்தையும் சேர்த்து மேலே இழுக்கிறது. சிறிது உயர்ந்த கம்பத்தின் அடியில் மண் புகுந்துவிட்டால், அது மீண்டும் பழைய ஆழத்துக்கு இறங்காது. சில குளிர்காலங்களில் கம்பம் ஆணி பிடுங்குவது போல வெளியே வந்துவிடும்.

ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனால், கனடாவின் நார்தம்பர்லாந்து நீரிணையை 12.9 கிலோமீட்டர் தாண்டும் கூட்டமைப்புப் பாலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1997இல் திறந்த அப்பாலத்தின் தூண்கள் நீர்மட்டத்தில் 52 பாகைச் சரிவுள்ள கான்கிரீட் கூம்புகளை அணிந்திருக்கின்றன. அங்கே பனி அலையேற்றத்தோடு இரு திசைகளிலும் வருவதால் ஒரு பக்கம் மட்டும் மூக்கு வைத்துப் பயனில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏறி முறிய வேண்டும் என்பதால்தான் கூம்பு. முக்கியப் பகுதியில் தூண்களுக்கு இடையே 250 மீட்டர் இடைவெளி விட்டதற்கு, நீரிணையின் பனி வெளியேறுவதைப் பாலமே மறித்துவிடக் கூடாது என்ற கவலையும் ஒரு காரணம்.

ரஷ்யாவின் நெவா ஆற்றில் கையாண்ட வழி இதற்கு முற்றிலும் வேறு. பீட்டர்ஸ்பர்க் நகரத்தார் நூறாண்டுக்கும் மேலாக மிதவைப் பாலங்களையே வைத்திருந்து, பனி வரும்போது அவற்றைக் கழற்றிக் கரையில் ஒதுக்கினார்கள். 1850இல்தான் அந்த ஆற்றின் மேல் நிலையான பாலம் வந்தது. பனி வரும்போது தூண் அங்கே இல்லாமல் இருப்பதைவிடச் சிறந்த தற்காப்பு இல்லைதான். ஆனால் ஒரு நகரம் ஆண்டுக்கு இருமுறை இரண்டு கரைகளாகப் பிரிந்து போக வேண்டியிருந்தது.

மத்திய ஆசியப் பாலத்துக்குத் திரும்புகிறேன். தூணின் மூக்கு சாய்ந்துதான் இருந்தது; விசைக் கணக்கும் சரியாக இருந்தது. பனியோடு உரசிவரும் மணலும் கல்லும் கான்கிரீட்டை ஆண்டுதோறும் தேய்க்கும் என்பதால், மூக்கின் விளிம்பில் எஃகுத் தகடு பதிக்கும்படி வரைபடத்தில் இருந்தது. தகட்டின் மேல்விளிம்பு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை, கொடுக்கப்பட்டிருந்த நீர்மட்டப் பதிவுகளிலிருந்து எடுத்திருந்தார்கள். நானும் அதே பதிவைப் பார்த்து, அதே எண்ணுக்கு வந்து, சரி என்று கையெழுத்திட்டேன். மூத்தவர் மட்டும் "தம்பி, இது தண்ணி நிண்ட மட்டமோ, ஐஸ் நிண்ட மட்டமோ?" என்று கேட்டார். பதிவில் அப்படிப் பிரிக்கப்படவில்லை. அடைப்பு நேரும் நாட்களில் நீரின் மட்டம், அதே அளவு நீர் தடையின்றி ஓடும்போது இருக்கும் மட்டத்தைவிட வெகுவாக உயர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். அந்தப் பதிவோ பெரும்பாலும் கோடை வெள்ளங்களுடையது. நாங்கள் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினோம். பதில் வந்ததாக நினைவில்லை.

பாலம் திறந்து இரண்டாம் வசந்தத்தில், திட்டத்தில் இருந்த ஒருவர் சில படங்களை அனுப்பிவைத்தார். ஆறு இறங்கித் தூண்கள் முழுதாகத் தெரிந்தன. எஃகுத் தகட்டில் பூசிய வண்ணம் நீளநீளமாகக் கீறி எடுக்கப்பட்டிருந்தது. தகடு தன் வேலையைச் செய்திருந்தது. அந்தக் கீறல்கள் தகட்டின் மேல்விளிம்போடு நிற்கவில்லை. அதற்கு மேலே சாய்வு முடிந்து செங்குத்தாக எழும் கான்கிரீட்டிலும், ஏறக்குறைய முழங்கை உயரத்துக்கு, புதிதாகச் சொரசொரத்த வெண்மையான ஒரு பட்டை தெரிந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு முன் மூக்கின் சாய்வை மேலே நீட்டி, தகட்டையும் அதற்கேற்ப உயர்த்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.